திரை ஊடகமும் பண்பாட்டு ஆய்வியலும்: இணைப் பட்டக் கல்வி குறித்த ஓர் அறிமுகம்

முன்னுரை

மேற்கல்வி குறித்து அறிவுரை நாடி வரும் மாணவருள் திரைத்துறையில் நாட்டமுடையோர் பலர். அவர்தம் பெற்றோரோ, ‘படம் பார்ப்பதற்கும் ஒரு பட்டமா?’ என்று வினவுகின்றனர். இவ்விரு தரப்பினருக்கும் இடையில் நின்று விடை கூற வேண்டிய பொறுப்பு, பள்ளியில் அம்மாணவரின் எழுத்தாற்றலையும் கற்பனையையும் அறிந்த தமிழாசிரியருக்கே பெரும்பாலும் வாய்க்கின்றது. திரை ஊடகவியலையும் பண்பாட்டு ஆய்வியலையும் இணைத்துக் கற்பிக்கும் பட்டப் படிப்பு எத்தன்மையது, எங்ஙனம் தோன்றியது, அதனைக் கற்கும் தமிழ் மாணவர் பெறுவது யாது, இழக்கக்கூடியது யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்படிப்பின் பயன் அதன் இரு பாதிகளில் எந்த ஒன்றிலும் தனித்து இல்லை; ஒரே திரைப்பொருளை இரு வேறு முறைகளால் வினவும் பயிற்சியிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. அப்பயிற்சி வாய்க்காவிடின் மாணவர் இரண்டு அரைப் படிப்புகளோடு வெளியேற நேரும்.

இணைப் பட்டத்தின் அமைப்பு

இங்கிலாந்தில் சிறப்பு இளங்கலைப் பட்டம் பொதுவாக மூன்றாண்டுப் படிப்பாகும். ஆண்டுக்கு 120 மதிப்பலகுகள் வீதம் மொத்தம் 360 மதிப்பலகுகளை மாணவர் நிறைவு செய்தல் வேண்டும். ஒற்றைப் பாடச் சிறப்புப் பட்டத்தில் அவை பெரும்பாலும் ஒரே துறைக்குரியன. இணைப் பட்டத்திலோ அவை இரு துறைகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பகுக்கப்படுகின்றன. ஸ்காட்லாந்தில் சிறப்புப் பட்டம் நான்காண்டுகள் நீடிப்பதால் தொடக்க ஆண்டுகளில் வேறு பாடங்களையும் சேர்த்துப் பயில இடமுண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகம் திரையையும் பண்பாட்டு ஆய்வியலையும் ஒரே பெயரின்கீழ் இணைத்து, கலைப்புலத்தின் ஒரு முதன்மைப் பாடமாக வழங்கியுள்ளது. எனவே, ‘இணைப்பு’ என்னும் சொல் எல்லா இடங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

மதிப்பலகுகளை ஒப்பிடுங்கால் ஒரு செய்தியைக் கருதுதல் நலம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பு இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 மதிப்பலகுகளை வரையறுத்துள்ளது. பிரிட்டனில் ஒரு மதிப்பலகு 10 மணி நேரக் கற்றலையும், மலேசியாவில் ஒரு மதிப்பலகு 40 மணி நேரக் கற்றலையும் குறிக்கும். ஆதலின் 360 என்னும் எண்ணைக் கண்டு, 120 என்பதைவிட மும்மடங்கு படிப்பு எனக் கருதுதல் பிழையாகும். இங்கிலாந்தின் இணைப் பட்டத்தில் ஒரு துறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 180 மதிப்பலகுகள், அதாவது 1,800 மணி நேரம். இந்த அளவை மனத்திற் கொண்டே இப்படிப்பின் எல்லையை மதிப்பிட வேண்டும்.

திரை ஊடகப் பகுதியில் திரைப்பட வரலாறு, காட்சிச் சட்டகம், ஒளியமைப்பு, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றைப் பகுத்தறியும் முறை, தொலைக்காட்சியின் இயல்பு, கணினி மற்றும் கைப்பேசித் திரைகளின் பரவல் முதலியன இடம்பெறும். பண்பாட்டு ஆய்வியற் பகுதியில் வர்க்கம், இனம், பாலினம், தேசியம், நுகர்வு ஆகியன அன்றாட வாழ்வில் எவ்வாறு பொருள் கொள்கின்றன என்பதும், களப்பணி, நேர்காணல், ஆவணத் தேடல் முதலிய ஆய்வு முறைகளும் கற்பிக்கப்படும். சில பல்கலைக்கழகங்களில் படப்பிடிப்புப் பயிற்சியும் உண்டு. ஆயினும் இது அடிப்படையில் ஆய்வுப் படிப்பே. ஒளிப்பதிவாளரையோ படத்தொகுப்பாளரையோ உருவாக்கும் தொழிற்பயிற்சி அன்று. இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினால் பின்னர் எழும் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

வகுப்பறையில் பிறந்த துறைகள்

இவ்விரு துறைகளும் பெரும்பாலும் ஆசிரியர்களின் வகுப்பறைச் சிக்கல்களிலிருந்து எழுந்தவை என்பது தமிழாசிரியர்கள் அறியத்தக்க செய்தியாகும். 1950ஆம் ஆண்டில் பிரிட்டனில் திரைப்பட ஆசிரியர்கள் சங்கம் ஒன்றினை நிறுவினர். மாணவர் விரும்பிப் பார்க்கும் திரைப்படத்தை வகுப்பில் எவ்வாறு கையாளுவது என்பதே அவர்களின் வினா. பின்னாளில் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிக் கல்விச் சங்கம் எனப் பெயர் பெற்ற அவ்வமைப்பிலிருந்தே ‘ஸ்கிரீன்’ என்னும் ஆய்விதழ் அப்பெயருடன் 1969இல் வெளிவரலாயிற்று. திரைப்படக் கோட்பாட்டு வரலாற்றில் இவ்விதழின் இடம் பெரிது.

பண்பாட்டு ஆய்வியலின் முன்னோடிகளும் கற்பித்தற் பணியினரே. ரிச்சர்ட் ஹாகர்ட், ரேமண்ட் வில்லியம்ஸ் ஆகிய இருவரும் ஆங்கில இலக்கியம் பயின்று, முதியோர் கல்வி வகுப்புகளில் பல்லாண்டுகள் பணியாற்றியவர்கள். தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த இவர்கள், தாம் பிறந்த வாழ்வுக்கும் தாம் கற்பித்த இலக்கியத்திற்கும் இடையிலிருந்த இடைவெளியை ஆய்வுப் பொருளாக்கினர். எழுத்தறிவின் பயன்கள் குறித்து ஹாகர்ட் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை அவர் நிறுவினார். அவருக்குப் பின் அம்மையத்தை வழிநடத்திய ஸ்டூவர்ட் ஹால் ஜமைக்காவிலிருந்து வந்தவர். தென் இலண்டனில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பேடி வானல் என்பாருடன் இணைந்து வெகுமக்கள் கலைகளைப் பற்றி அவர் எழுதிய நூலும் அதே 1964இல் வெளிவந்தது. திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் ஒதுக்காது, அவற்றுள் தரமானதையும் தரமற்றதையும் பகுத்துணரும் ஆற்றலை மாணவரிடம் வளர்ப்பதே அந்நூலின் அக்கறை எனலாம்.

பர்மிங்காம் மையத்தின் வழிவந்த துறை 2002இல் மூடப்பட்டது. ஒரு துறை உலகெங்கும் பரவிய பின்னரும் அதன் தாயகத்து நிறுவனம் மூடப்படலாம் என்பதற்கு இது சான்று. நிறுவனத்தின் பெயரைவிட அங்குக் கற்பிக்கப்படும் முறையையே மாணவர் கருத்திற் கொள்ள வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

இரு துறைகளுக்கும் இடையே எழுந்த வினா

இவ்விரு துறைகளும் எளிதாக ஒன்றிணைந்தன அல்ல. 1970களில் அவற்றிடையே கடுமையான கருத்து வேறுபாடு நிலவியது. 1975இல் ‘ஸ்கிரீன்’ இதழில் வெளிவந்த லாரா மல்வியின் கட்டுரை, ஹாலிவுட் படங்களின் காட்சியமைப்பு பார்வையாளரை ஆணின் நோக்கு நிலையில் அமர்த்திவிடுகின்றது என வாதிட்டது. இப்பார்வையின்படி, திரைப்படமே தன் பார்வையாளரை உருவாக்கிக் கொள்கின்றது.

ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த கருத்தோ வேறு திசையில் சென்றது. தொலைக்காட்சி நிறுவனம் ஒரு பொருளைக் குறியீடாக்கி அனுப்பினும், பார்ப்பவர் அதனை அவ்வாறே ஏற்க வேண்டுமென்பதில்லை. முழுதும் ஏற்றல், ஓரளவு ஏற்று ஓரளவு மறுத்தல், எதிர்நிலையில் நின்று பொருள் கொள்ளல் என மூவகை வாசிப்புகள் இயலும் என்றார் அவர். இக்கருத்தைச் சோதிக்க முற்பட்ட டேவிட் மார்லி, பிரிட்டனின் ‘நேஷன்வைட்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 29 குழுவினருக்குக் காட்டி அவர்தம் கருத்துகளைத் திரட்டினார். 1980இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு எதிர்பார்ப்புக்கு முழுதும் ஒத்ததாக அமையவில்லை. வங்கி மேலாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் வெவ்வேறு வர்க்கத்தினராயினும் நிகழ்ச்சியை ஏறத்தாழ ஒரே வகையில் ஏற்றனர். தொழிற்சங்கத்தினருள் ஒரு சாரார் அதனை எதிர்நிலையில் வாசித்தனர். கறுப்பின மாணவர் குழுக்களோ, அந்நிகழ்ச்சி தம் வாழ்வோடு தொடர்பற்றது என அதனைப் பெரிதும் புறக்கணித்தன.

ஆகவே, படம் பார்வையாளரை உருவாக்குகின்றதா, பார்வையாளர் படத்தின் பொருளை உருவாக்குகின்றாரா என்னும் வினா இன்றளவும் தீரவில்லை. இணைப் பட்டம் இவ்வினாவையே மாணவர் கையில் அளிக்கின்றது. திரை ஊடகம் மட்டும் கற்பவர் காட்சியின் நுட்பத்தை விளக்கிவிட்டு, அதனைப் பார்த்தவரை மறந்துவிடக்கூடும். பண்பாட்டு ஆய்வியல் மட்டும் கற்பவர் படத்தின் கதைச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு, அது காட்சியாக அமைந்த விதத்தை மறந்துவிடக்கூடும். இவ்விரு மறதிகளையும் ஒன்றை மற்றொன்றால் திருத்திக் கொள்வதே இணைப்பின் பொருள்.

தமிழ்த் திரை ஆய்வில் முன்னோடிகள்

தமிழ்ச் சூழலில் இத்தகைய ஆய்வுகள் புதியன அல்ல. ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படம் அரசியல் தொடர்பு ஊடகமாகச் செயற்பட்ட முறையை 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் ஆராய்ந்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலையை நுகர்ந்த முதல் இடம் திரையரங்கமே என்பதும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கட்டணமே என்பதும் அவர் சுட்டிய உண்மைகளாகும். படத்தின் உள்ளடக்கத்தைப் பேசுமுன் அரங்கின் இருக்கைகளை நோக்கிய இப்பார்வை, பண்பாட்டு ஆய்வியற் பார்வையே எனலாம். இதனை வழங்கியவர் ஒரு தமிழிலக்கியப் பேராசிரியர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1981இல் சு. தியடோர் பாஸ்கரனின் நூல், விடுதலைப் போராட்டக் காலத் தமிழ் நாடக மேடையையும் திரைப்படத்தையும் தேசிய அரசியலோடு இணைத்து விளக்கியது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆய்வு, எம்.ஜி.ஆரின் திரை உருவம் ஏழை எளிய மக்களின் இசைவை எவ்வாறு பெற்றது என வினவியது. சேரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூல் மதுரையின் ஏழைப் பார்வையாளரிடையே நிகழ்த்திய களப்பணியின் விளைவாகும். இந்நான்கும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பது சிந்திக்கத்தக்கது. இத்துறையின் கலைச்சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மலேசியச் சூழலில் ஒரு சான்று

இரு முறைகளும் ஒரே பொருளில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதை நம் நாட்டுச் சான்று ஒன்றால் விளக்கலாம். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தில் உருவான மலாய்ப் படங்களை மலாய்த் திரையின் பொற்காலப் படைப்புகள் என்பர். பி. ரம்லி முதன்முதலாகக் கதைத்தலைவராக நடித்த ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். ‘ஹாங் துவா’ (1956) படத்தை இயக்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த பானி மஜும்தார். சீனர் முதலீடு, இந்தியர் இயக்கம், மலாய்க் கலைஞர் நடிப்பு ஆகியவை கலந்த அப்படங்கள் இன்று தேசியக் கலைச் செல்வமாகப் போற்றப்படுகின்றன. அவற்றின் பாடற்காட்சி அமைப்பில் இந்தியத் திரை மரபின் சாயலைக் காண்பது திரை ஊடகப் பயிற்சியால் இயலும். அச்சாயல் எப்போது ‘அயல்’ எனக் கருதப்பட்டது, எப்போது ‘நமது’ என ஏற்கப்பட்டது என்பதை வினவப் பண்பாட்டு ஆய்வியற் பயிற்சி வேண்டும்.

இவ்வினா 2016இல் வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் 2015 டிசம்பரில் வெளிவந்த ‘ஜகாட்’, 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து புறம்போக்குப் பகுதியில் வாழும் குடும்பத்துச் சிறுவன் அப்போயின் கதையைக் கூறுவது. ‘தீய’ எனப் பொருள்படும் ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் திரிந்த வடிவமே அதன் தலைப்பு. அவ்வாண்டு மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த படத்திற்கான தலைமை விருதுக்கு, உரையாடலில் 70 விழுக்காடு மலாய் மொழியாக இருத்தல் வேண்டும் என்னும் விதி இருந்தது. அதனால் ‘ஜகாட்’ உள்ளிட்ட படங்கள் தேசிய மொழியல்லாப் படங்களுக்குரிய தனிப்பிரிவில் வைக்கப்பட்டன. திரைத்துறையினர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். விருதுக்கு முன்மொழியப்பட்டிருந்த ஒளிப்பதிவாளர் முகமது நூர் காசிம் தம் பெயரை மீட்டுக்கொண்டார். பின்னர்த் தலைமை விருது எல்லா மொழிப் படங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதினை ‘ஜகாட்’ பெற்றது.

இப்படத்தைப் பற்றி எழுதும் மாணவர், படக்கருவி சிறுவனின் கண்மட்டத்தில் நிற்கின்றதா, பெரியவர்களின் உயரத்தில் நிற்கின்றதா, ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு ஒலி எவ்வாறு கடத்தப்படுகின்றது என்றெல்லாம் நுணுகிக் காணல் வேண்டும். அவர் அத்துடன் நின்றுவிடின், உரையாடலை விழுக்காடாக அளந்த விதி அவர் கண்ணுக்குப் புலனாகாது. விருதுச் சிக்கலை மட்டும் எழுதினாலோ, படம் ஒரு வழக்கின் சான்றாவணமாகச் சுருங்கிவிடும். தலைப்புச் சொல் ஒன்றே இரு வழிகளையும் இணைத்துக் காட்டுகின்றது. தமிழர் வாயில் உருமாறிய மலாய்ச் சொல்லை எம்மொழியின் கணக்கில் சேர்ப்பது? இவ்வினாவுக்கு விடை காண ஒலியைக் கேட்கும் செவியும் வேண்டும். அச்சொல் பிறந்த தோட்ட வாழ்வை அறிந்த அறிவும் வேண்டும்.

தமிழ்க் கல்வி தரும் முன்பயிற்சி

தமிழ் இலக்கியம் பயின்ற மாணவர் இப்படிப்பிற்கு வெறுங்கையராகச் செல்வதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் ஒன்று ‘நோக்கு’. செய்யுளின் எந்த ஒரு கூறினையும் கடந்து சென்றுவிடாது, மீண்டும் மீண்டும் நின்று பொருள் காணச் செய்யும் தன்மையே அது. ஒரு காட்சியை நிறுத்தி, அதன் ஒளி, இடம், உடல்நிலை ஆகியவற்றைத் தனித்தனியே வினவும் திரைப் பகுப்பாய்வுக்கு இதனினும் பொருத்தமான முன்பயிற்சி காண்டல் அரிது. மனத்துணர்வு உடலில் வெளிப்படுமாற்றைக் கூறும் மெய்ப்பாட்டியல் நடிப்பாய்வுக்குத் துணை செய்யும். அரங்கின் நீள அகலத்தையும் விளக்கின் இடத்தையும் கூறும் சிலப்பதிகார அரங்கேற்று காதை, நிகழ்த்துகலையின் பொருளியல் அமைப்பையும் கருத வேண்டும் என்பதை உணர்த்தும்.

எனினும், திரைக்கோட்பாடு முழுவதும் தொல்காப்பியத்தில் உள்ளது எனக் கூறுதல் பொருந்தாது. தொல்காப்பியர் படத்தொகுப்பைக் கண்டவர் அல்லர். பழைய கருவியின் எல்லையை உணர்ந்து பயன்படுத்துவதே ஆய்வு நெறியாகும்.

மாணவரும் ஆசிரியரும் கருதத்தக்கன

இப்படிப்பைத் தேரும் மாணவர் மூன்று செய்திகளை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. முதலாவது, இரு பகுதிகளையும் இணைத்துக் கற்பிக்கும் பாடம் ஒன்றேனும் உளதா என்பது. அது இல்லையெனின் இணைக்கும் பணி முழுதும் மாணவர் தலையிலேயே விழும். இரண்டாவது, இறுதியாண்டு ஆய்வேட்டை இரு துறை மேற்பார்வையிலும் எழுத இயலுமா என்பது. மூன்றாவது, தமிழ்ப் படங்களையோ மலேசிய, சிங்கப்பூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையோ ஆய்வுப் பொருளாகக் கொள்ள இடமுண்டா என்பது.

குறைகளையும் மறைத்தல் தகாது. ஒவ்வொரு துறையிலும் பாதி நேரமே கிடைப்பதால் ஒற்றைப் பாட மாணவரின் ஆழத்தை எட்டுதல் கடினம். இரு துறைகளின் கட்டுரை நடையும் மதிப்பீட்டு முறையும் வேறுபடுவதால் முதலாண்டில் குழப்பம் தோன்றலாம். பட்டத்தின் பெயர் குறிப்பிட்ட தொழில் எதனையும் சுட்டுவதில்லை. ஒளிபரப்பு, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், இதழியல், கல்வி முதலிய துறைகளுக்கு இவ்வறிவு பயன்படினும், அவற்றுள் நுழைய மாணவர் படிக்கும் காலத்திலேயே செயற்பயிற்சியைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இம்மாணவர்களுக்காகக் காத்திருக்கும் பணியும் ஒன்றுண்டு. 1996இல் தொடங்கிய அஸ்ட்ரோ வானவில், 2008இல் தனி அலைவரிசையான சிங்கப்பூரின் வசந்தம் ஆகியவற்றின் வாயிலாக இவ்வட்டாரத் தமிழரின் பேச்சு, உடை, வீடு, சடங்கு, நகைச்சுவை ஆகியன பல்லாண்டுகளாகத் திரையில் பதிவாகியுள்ளன. தோட்டங்கள் மறைந்த பின் அவ்வாழ்வை அறிய விழையும் தலைமுறைக்கு இப்பதிவுகளும் சான்றாகும். அவற்றை முறையாக வாசிக்கத் தமிழும் திரை நுட்பமும் சமூக வரலாறும் ஒருங்கே அறிந்தவர் தேவை. மொழி அறியாதவர் அவற்றை வாசிப்பின், ‘ஜகாட்’ என்னும் தலைப்பில் எழுத்துப் பிழை ஒன்றையே காண்பர்.

முடிவுரை

‘படம் பார்ப்பதற்கும் ஒரு பட்டமா?’ என்னும் பெற்றோரின் வினா இகழத்தக்கதன்று. பார்த்ததைக் கதையாகச் சொல்ல மட்டும் மூன்றாண்டுகள் செலவிடப்படுமாயின் அவ்வினா நேர்மையானதே. ஒரு காட்சி எவ்வாறு அமைந்தது என்பதையும், அது யாருக்கு என்ன பொருள் தந்தது என்பதையும் சான்று காட்டி நிறுவ மாணவர் பழகுவாராயின், அப்பட்டம் தன் பெயருக்கு உரியதாகும். இத்துறைகளைத் தொடங்கி வைத்தோர், மாணவர் விரும்பியதை ஒதுக்காமல் அதனை நுணுகிக் காணக் கற்பித்த ஆசிரியர்களே. ஆதலின் மாணவர் ஒருவர் திரைப்படம் பற்றிப் பேசத் தொடங்கும்போது, அவர் கூறும் ஒரு காட்சியை நிறுத்தி, ‘இதனை இவ்வாறு ஏன் காட்டினர்? உன் பாட்டி இதனைப் பார்த்தால் என்ன சொல்வார்?’ என்னும் இரு வினாக்களைத் தமிழாசிரியர் கேட்கலாம். அம்மாணவரின் இணைப் பட்டக் கல்வி அவ்வகுப்பறையிலேயே தொடங்கிவிடும்.